அலையாத்தி நட ஒரு கரையும் வழிகாட்ட ஓர் அலுவலரும் கேட்டு மனு

பெறுநர்: மீன்வளத் துறை அமைச்சர் அவர்கள், போர்ட் லூயி, மொரீஷியஸ்.

அனுப்புநர்: மாயேபூர் முதல் வியே கிராண்ட் போர்ட் வரை உள்ள கரையோரத் தமிழ்க் குடும்பங்கள், மீனவர்கள், தன்னார்வலர்கள்.

பொருள்: எண்ணெய்க் கசிவால் பாதிக்கப்பட்ட கரையில் அலையாத்தி நட்டுப் பராமரிக்க அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதன் பிரெஞ்சுப் பிரதியையும் இணைத்திருக்கிறோம். ஆனால் கையெழுத்துப் போட்ட பெரியவர்கள் பலர் தமிழிலும் ஒன்று போகட்டும் என்றார்கள்.

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் நம் தென்கிழக்குக் கரையில் உள்ள புவந்த் தெஸ்னிக்கு எதிரே பவளத்திட்டில் ஏறியது. ஆகஸ்ட் 6 முதல் ஏறக்குறைய 1,000 டன் எண்ணெய் நம் லகூனில், அதாவது பவளத்திட்டுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள ஆழமில்லாத கடலில், கொட்டியது. அன்றைக்கு யாரும் உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை. கரும்புத் தோகையைத் துணிப்பைகளில் திணித்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் போத்தல்களைக் கட்டி, எண்ணெயைத் தடுக்கும் மிதவைகளைப் பள்ளிப் பிள்ளைகள் முதல் பாட்டிமார் வரை ராப்பகலாகத் தைத்தோம். அதே மக்கள்தான் இப்போது மரம் நட இடம் கேட்கிறோம்.

எண்ணெய் பட்ட அலையாத்தி உடனே சாவதில்லை, அதனால்தான் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. தாங்கு வேரின் மேல் இருக்கும் சின்னச் சின்னத் துளைகள் வழியாகத்தான் அது மூச்சு விடுகிறது, அவை அடைபட்டால் மரம் திணறும், சேற்றுக்குள் இறங்கிய எண்ணெய் பல வருடம் அங்கேயே கிடக்கும். அந்த வேர்களுக்கு நடுவில்தான் மீன்குஞ்சும் நண்டும் வளர்கின்றன, புயல் நேரத்தில் அலையின் வேகத்தைக் குறைப்பதும் அந்த வேர்கள்தான். லகூனை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, நடவு விழாக்கள் நடக்கத்தானே செய்கின்றன என்று கேட்கலாம். சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கமும் ஒன்று நடந்தது, யார் நடத்தியது என்பது இங்கே முக்கியமில்லை. ஒரே நிறச் சட்டை போட்டு நிறையப் பேர் வந்தார்கள், படம் எடுத்தார்கள், தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் கடலோரத்தின் தாழ்ந்த சேற்றில் நட்டுவிட்டுப் போனார்கள். அந்த இடம் நாளின் பெரும்பகுதி தண்ணீருக்குள்ளேயே இருக்கும். பாசியும் சிப்பியும் ஏறி, கன்றுகள் சாய்ந்து, ஒவ்வொன்றாக அழுகின. திரும்பி வந்து பார்க்க ஆளில்லை. நட வந்தவர்களின் மனசு நல்ல மனசுதான், இடம் சொல்லிக் கொடுக்கத்தான் யாரும் இல்லை.

எங்களுக்கு ஒரு நாள் விழா வேண்டாம் ஐயா. ஒரே ஒரு கரைத்துண்டை மூன்று வருடத்துக்கு எங்கள் பொறுப்பில் விடுங்கள். எந்த மட்டத்தில் நடலாம், எங்கே கடற்புல் இருப்பதால் நடவே கூடாது, எங்கே தண்ணீர் போக்கு அடைபட்டிருப்பதைச் சரிசெய்தாலே காடு தானாக வந்துவிடும் என்று பார்த்துச் சொல்ல அல்பியோன் மீன்வள ஆய்வு மையத்திலிருந்து ஓர் அலுவலரை அனுப்புங்கள். 1990களிலிருந்தே அலையாத்தி நட்டு வரும் அனுபவம் உங்கள் துறைக்கு இருக்கிறது.

செலவும் பெரிதில்லை. நம் நாட்டில் இருப்பதே இரண்டு இனம், அதில் அதிகம் காணப்படும் ரைசோஃபோரா முக்ரோனாட்டாவுக்குப் பை வைத்து நாற்று வளர்க்க வேண்டிய அவசியம் இல்லை. விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கும். பழமும் முளையும் சேரும் இடத்தில் மஞ்சளாக ஒரு வளையம் தெரிந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம், கூர்முனை கீழே இருக்கும்படி மூன்றில் ஒரு பங்கு சேற்றில் இறக்கினால் போதும். ஆனால் அதைச் சேகரிக்கவே எங்களுக்குத் தயக்கம், ஏனென்றால் அனுமதியில்லாமல் அலையாத்தியில் கை வைப்பது சட்டப்படி குற்றம். சட்டம் சரியானதுதான், அது இன்னும் கடுமையாக இருந்தாலும் சம்மதமே. அதனால்தான் எழுத்துமூலமான அனுமதி கேட்கிறோம்.

அப்புறம், நட்ட பிறகு மாதாமாதம் போய்க் குப்பை எடுப்பது, பாசி துடைப்பது, பிழைத்ததை எண்ணி எழுதுவது எல்லாம் எங்கள் வேலை. செத்த கணக்கையும் மறைக்காமல் தருவோம். படகு கட்டும் இடத்தை விட்டுத்தான் நட வேண்டும் என்று மீனவர்கள் கேட்கிறார்கள், அது நியாயம், இடம் குறிக்கும் அன்று அவர்களையும் கூப்பிட வேண்டும்.

அடுத்து விதை முற்றி விழும் பருவத்துக்குள் அனுமதி கிடைத்தால்தான் இந்த வருடம் நட முடியும். தங்கள் அலுவலகத்தில் எந்த நாள் வரச் சொன்னாலும் வருகிறோம், அல்லது அலுவலர் கரைக்கு வந்தால் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
தென்கிழக்குக் கரையோர மக்கள்
(கையெழுத்துகள் தனித்தாளில்)