3ஆம் வகுப்பு பெற்றோருக்கு: வெள்ளிக்கிழமை புத்தகம் எடுக்கும் நேரம்

வணக்கம். வரும் வெள்ளி மதியம் 2.30 முதல் 3.15 வரை வகுப்பு நூலகத்தில் பிள்ளைகளே புத்தகம் தேர்ந்தெடுக்கிறார்கள். உதவிக்கு 4 பேர் தேவை.

1. வருபவர்கள் 2.15க்கே வாங்க. புத்தகங்களை அட்டை தெரியும்படி கூடைகளில் வைக்கணும், கூடைக்கு 15 போதும். வாசிப்பு இயக்கப் (பிள்ளைகள் வாசிக்க அரசு நடத்தும் திட்டம்) புத்தகங்கள் மெலிசு. அலமாரியில் செருகினால் ஒன்றும் தெரியாது, பிள்ளைகள் மேலே கிடப்பதையே எடுப்பார்கள்.

2. ஒரு தடவைக்கு 6 பிள்ளைகள், 8 நிமிடம்.

3. ஐந்து விரல் சோதனை: நடுப்பக்கம் ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். பொருள் தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கணும். 2, 3 என்றால் சரி. ஐந்தும் மடங்கினால் வீட்டில் நீங்கள் வாசித்துக் காட்டும் புத்தகம். ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ மாதிரி நீளச் சொல்லில் திக்கினால் விரல் மடக்க வேண்டாம், அது பொருள் தெரியாததால் அல்ல. பக்கத்துக்கு இரண்டே வரி உள்ள படக்கதைக்கு இந்தக் கணக்கு உதவாது.

4. புத்தகத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற வாசிப்பு நிலையை (நுழை எளிது, பற கடினம்) சத்தமாகச் சொல்லாதீர்கள். ‘நுழை’ எடுத்த பிள்ளை கூச்சத்தில் ‘பற’ எடுத்து, படிக்காமலே திருப்பித் தரும்.

5. ஆளுக்கு 2 புத்தகம். பிடிக்கவில்லையா, திங்களன்றே மாற்றலாம். போன வாரப் புத்தகத்தையே திரும்ப எடுத்தாலும் தடுக்காதீர்கள்.

வர முடிந்தவர்கள் புதன் இரவு 8 மணிக்குள் பிள்ளை பெயரோடு ‘வருகிறேன்’ என்று போடுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் வருகிறீர்களா, படித்துவிட்டீர்களா என்று தெரிவதில்லை!