கம்பி போட்டுக்கொள்ளத் தயங்கும் அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "43 வயசுல பல்லுக்குக் கம்பி போட்டா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்றாய். "யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்று சட்டென்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. 23 மாதம் கம்பியோடு இருந்தவள் நான். உனக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

பார்ப்பார்கள், அக்கா. நீ பேசும்போது கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முதல் சில வாரம் வாயைப் பார்ப்பார்கள். என்னிடம் ஒருவர் முகத்துக்கு நேராகவே "இனிமே எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டார். அன்று ராத்திரி குளியலறையில் நின்று அழுதேன். இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. மூன்றாவது மாதம் வாக்கில் எல்லோருக்கும் பழகிவிட்டது. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

வயதைப் பற்றி நீ பயப்படுவதற்கு வருகிறேன். பல், சுவரில் அடித்த ஆணி மாதிரி எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் கால் மில்லிமீட்டரே உள்ள மெல்லிய தசைநார் ஒன்று இருக்கிறது. கம்பி பல்லைத் தள்ளும்போது, அழுத்தம் விழுகிற பக்கத்து எலும்பை உடம்பே கரைக்கிறது. பல் விலகி வந்த பக்கத்தில் புது எலும்பை வைக்கிறது. மாதத்துக்குச் சுமாராக 1 மில்லிமீட்டர்தான் நகரும். உன் மகனுக்கு 13 வயதில் நடந்ததும் இதேதான், உனக்கு நடக்கப்போவதும் இதேதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அவனுக்குத் தாடை வளர்ந்துகொண்டிருந்தது, அந்த வளர்ச்சியையே மருத்துவரால் பயன்படுத்த முடிந்தது. நமக்கு அது முடிந்துபோன கதை. தாடையே முன்னும் பின்னுமாக இருந்தால் கம்பியால் மட்டும் சரிவராது. உனக்கு அந்தப் பிரச்சினை இருப்பதாகத் தெரியவில்லை. எதற்கும் எக்ஸ்ரே பார்த்துவிட்டு அவர்களே சொல்லட்டும்.

நான் கவலைப்படுவது உன் ஈறைப் பற்றி. பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது என்று நீயே இரண்டு தடவை சொல்லியிருக்கிறாய். அதை அப்படியே வைத்துக்கொண்டு கம்பி போடாதே. ஈறு நோய் இருக்கும்போது பல்லை நகர்த்தினால் பல்லைத் தாங்குகிற எலும்பு வேகமாகக் கரையும். முதலில் காரையை, அதாவது பல்லில் படிந்து இறுகின அழுக்கை, சுத்தம் செய்து, ஈறு ஆறட்டும். மூன்று மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. மருத்துவர் ஈறைத் தொட்டே பார்க்காமல் "நாளைக்கே ஒட்டிடலாம்" என்று சொன்னால், தயவுசெய்து எழுந்து வந்துவிடு.

ஒட்டும்போது வலிக்காது. வாயை அகலமாகத் திறந்தே வைத்திருப்பதுதான் சிரமம். பல்லில் ஒரு அமிலக் களிம்பைத் தடவிக் கழுவி, கம்பியைத் தாங்குகிற சின்னச் சதுரங்களைப் பசையால் ஒட்டி, பசை இறுக ஒவ்வொன்றின் மேலும் நீல வெளிச்சம் காட்டுவார்கள். வீட்டுக்கு வந்து சில மணி நேரத்தில் வலி தொடங்கும், மறுநாள்தான் உச்சம். வாழைப்பழத்தைக்கூட நாக்கால் நசுக்கித்தான் விழுங்கினேன். நாலைந்து நாளில் தணிந்துவிடும். ஒவ்வொரு தடவை கம்பி மாற்றும்போதும் கொஞ்சம் திரும்பி வரும், முதல் தடவை அளவுக்கு எனக்கு வந்ததில்லை. கன்னத்தில் உரசுகிற இடத்தில் புண் வரும். அதற்கென்று ஒரு மெழுகு இருக்கிறது. அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்துவிட்டு ஒட்டினால்தான் நிற்கும், ஈரத்தில் ஒட்டாது. உப்புத் தண்ணீரில் கொப்பளி.

சில மாதம் கழித்துத் திடீரென்று கடைவாய்ப் பக்கம் ஏதோ குத்தும். எனக்கு அது நடந்தபோது எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று பயந்துவிட்டேன். பற்கள் நேராகி இடைவெளி குறையக் குறைய, மிச்சக் கம்பி பின்பக்கமாக வெளியே நீண்டு வருகிறது, அவ்வளவுதான். போனால் நறுக்கிவிடுவார்கள். நீயாக வெட்டப் பார்க்காதே.

முதலில் மாட்டுகிற மெல்லிய கம்பியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம் அது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் 1960 வாக்கில் வேறு எதற்கோ தேடியபோது கிடைத்தது. 1970களில் பல் மருத்துவத்துக்கு வந்து சேர்ந்தது. எப்படி வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். கோணல்மாணலான பற்களோடு அதை வளைத்துக் கட்டிவிடுகிறார்கள். அது மெல்ல மெல்லத் தன் வளைவுக்குத் திரும்புகிறது, போகிற வழியில் பற்களையும் கூட்டிக்கொண்டு போகிறது. வலியில் தூக்கம் வராமல் படுத்திருந்த ராத்திரிகளில் இதைத்தான் நினைத்துக்கொள்வேன். நான் சும்மா படுத்திருந்தாலும் அது வேலை செய்துகொண்டிருக்கிறது என்று ஒரு ஆறுதல்.

உண்மையான உழைப்பு என்றால் சுத்தம்தான். எதைச் சாப்பிட்டாலும் பிறகு பல் தேய்க்க வேண்டும். கம்பிக்கு அடியில் நுழைகிற சின்ன பிரஷ் ஒன்று தனியாக வேண்டும். அலுவலகக் கழிப்பறையில் பக்கத்தில் ஆள் நிற்க, வாயைத் திறந்து துழாவிக்கொண்டிருப்பது முதலில் கூச்சமாக இருக்கும். ஆனால் விட்டுவிட்டால், ஒட்டின சதுரத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் தழும்பு விழும், கம்பியைக் கழற்றின பிறகும் முழுசாகப் போகாமல் நின்றுவிடலாம். அவ்வளவு நாள் பொறுத்துக்கொண்டு கடைசியில் அதைப் பார்க்க நேர்ந்தால் மனசு உடைந்துவிடும்.

இன்னொன்று. இதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்ற பற்கள் பிரிந்து நேராகும்போது, நம் வயதில், ஈறுக்குப் பக்கத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே சின்னக் கறுப்பு முக்கோணம் மாதிரி இடைவெளி தெரியலாம். என் கீழ்வரிசையில் இரண்டு இடத்தில் தெரிந்தது. பல்லின் பக்கத்தைத் துளி அளவு தேய்த்து நெருக்கி வைத்தார்கள், பெரும்பாலும் மறைந்துவிட்டது. உனக்கும் கீழ்வரிசைதான் நெருக்கம். முதல் நாளே கேட்டுவிடு.

அப்புறம் ரீட்டெய்னர், நேராக்கின பல் திரும்ப நகராமல் பிடித்துவைக்க மாட்டிக்கொள்வது. கம்பியை எடுத்ததும் முடிந்துவிட்டது என்று நினைக்காதே. பல்லைப் பிடித்திருக்கிற ஈறு நார்கள் புது இடத்துக்குப் பழக ஒரு வருஷம்கூட ஆகலாம், அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகும் ராத்திரியில் போடுவதை விடாதே. நான் தினமும் போடுகிறேன், எத்தனை வருஷம் ஆனாலும் போடுவேன்.

உன் தெத்துப்பல் அழகு என்று சின்ன வயதிலிருந்து எல்லோரும் சொல்லி வந்தார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் நீ சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போவதை நான் முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்போது வீட்டில் வசதியில்லை. பிறகு உன் மகனுக்குப் போட்டாய். மாதாமாதம் அவனைக் கூட்டிக்கொண்டு போய், அவன் உள்ளே இருக்கிற நேரமெல்லாம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். உன்னைப் பற்றி ஒரு தடவைகூட அங்கே யாரிடமும் கேட்கவில்லை என்று நீயே சொன்னாய்.

வேண்டாம் என்று முடிவு செய்தால் அதுவும் சரி. அந்தப் பல்லோடு உன்னை எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் "பார்க்கிறவங்க" என்ற காரணத்துக்காக விட்டுவிடாதே. ஈறை முதலில் காட்டு. கம்பி ஒட்டுகிற நாளில் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். மெழுகும் சின்ன பிரஷ்ஷும் என் பையில் இருக்கும். வெளியே அந்த நாற்காலியில் இந்தத் தடவை நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் தங்கை