இரும்புக்கு வெட்டுறதுக்கு முதல் ஒரு படம் எடுங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்.

காணிப் பிரச்சினை, நெல்லு விலை, யானை வேலி எண்டு எழுத எவ்வளவோ கிடக்கேக்க இதுக்கு இடம் குடுப்பியளோ தெரியாது, ஆனா எழுதாம இருக்கவும் மனம் கேக்கேல்லை. நான் பழைய லொறியளைத் தேடிப் போய்ப் படம் எடுக்கிற ஆள். பழைய லொறி எண்டா கல்யாண வீட்டு வாசலில மினுக்கி நிப்பாட்டிறதைச் சொல்லேல்லை. பெட்போட், டாட்டா 1210, லேலண்ட் கொமெற் எண்டு நாப்பது ஐம்பது வருசத்துக்கு முந்தி வந்து இண்டைக்கும் வைக்கோலோ விறகோ கருங்கல்லோ ஏத்திக்கொண்டு திரியிறதுகள், இல்லாட்டி ஓடி முடிஞ்சு மில்லு வளவுக்குள்ள வேப்ப மரத்துக்குக் கீழ நிக்கிறதுகள், அதுகளைத்தான் சொல்லுறன்.

இப்ப ஏன் எழுதுறன் எண்டா, 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப்பிறகு கனகாலம் புது லொறி வரேல்லை, அதால கிடந்த பழசையெல்லாம் ஆக்கள் திருத்தித் திருத்தி ஓடினவை, எனக்கு அது நல்ல காலம். 2025 பெப்ரவரியில திரும்பத் திறந்து விட்டிட்டினம். இனி உந்தப் பழசுகளை வைச்சு மினக்கெட ஆருக்கும் தேவையில்லை. பழைய இரும்புக்காரர் வளவு வளவா வந்து கேக்கினம், காஸ் வெட்டுற சாமானோடயே வருகினம், காலமை நிண்ட லொறி பின்னேரம் துண்டு துண்டாப் போகுது. வெட்ட வேண்டாம் எண்டு நான் சொல்ல வரேல்லை, வீட்டில கஷ்டம் இருக்கிறவனுக்கு உது காசு, அதில கதைக்க எனக்கு உரிமை இல்லை. வெட்டுறதுக்கு முதல் ஒருக்கா நாலு பக்கத்தாலயும் வடிவா ஒரு படம் எடுத்து, ஆற்ற லொறி, என்ன ஏத்தினது எண்டு ரெண்டு வரி எழுதி வையுங்கோ எண்டுதான் கேக்கிறன்.

இதைச் சொன்னா முதல் கேள்வி "உனக்கு விசரோ" எண்டுதான். வெளிநாட்டில இது பெரிய பொழுதுபோக்கு. இங்கிலாந்தில எடி ஸ்டொபார்ட் எண்ட கொம்பனி தன்ர ஒவ்வொரு லொறிக்கும் ஒரு பொம்பிளைப் பேர் வைச்சது, முதல் வைச்சது ட்விக்கி எண்டு, ரோட்டில போகேக்க அந்தப் பேரைக் கண்டு கொப்பியில குறிக்கிறதுக்கெண்டே சின்னன் பெரிசு எல்லாம் இருந்ததுகள், அதுக்கு ரசிகர் சங்கம் வேற. அமெரிக்காவில 1971 இலயே பழைய லொறி வரலாற்றுக்கெண்டு ஒரு சங்கம் துவங்கியாச்சு. அவைக்கு அது பொழுதுபோக்கு. எங்களுக்கு எல்லாம் அப்பிடிச் சொல்லி விடேலாது, வன்னியில லொறி ஏறாத குடும்பம் எது சொல்லுங்கோ, ஒவ்வொரு இடப்பெயர்விலயும் வீட்டுக் கதவு நிலையில இருந்து கோழிக்கூடு வரைக்கும் ஏத்தினது அதிலதானே.

படம் எடுக்க நல்ல இடம் எது எண்டு கேட்டா யோசிக்காமச் சொல்லுவன், முறிகண்டி. ஏ9 ஆல போற எவரும் பிள்ளையாரிட்டை நிப்பாட்டித் தேங்காய் அடிச்சு கற்பூரம் கொளுத்தாமப் போகமாட்டினம். அவசரத்தில போற ட்ரைவரும் இறங்கி விபூதி பூசி, வரேக்க கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டுதான் ஏறுவார். அந்த இடைவெளி போதும். ஓடுற லொறியைத் துரத்திப் படமெடுக்கத் தேவையில்லை, அது தானா வந்து நிக்கும், ட்ரைவரும் நல்ல மனநிலையில இருப்பார், ஒரு கதை கேட்டா ரெண்டு கதை சொல்லுவார். மற்றது மாங்குளம் சந்தி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி ரோட்டுகள், அறுவடை நேரம் எண்டா துணுக்காய், மல்லாவி, வவுனிக்குளம் பக்கம். மணல் டிப்பரை மட்டும் நான் எடுக்கிறேல்லை. அதுக்கு இன்னும் வயசு காணாது, அது வாற வேகத்துக்கு ரோட்டுக் கரையில நிக்கிறதும் புத்தியில்லை.

லொறியின்ர வயசை நம்பர் பிளேற்றில கொஞ்சம் பிடிக்கலாம். ஆகப் பழசு இங்கிலீஸ் எழுத்து வைச்சது, அதுக்குப் பிறகு வந்தது 22 ஸ்ரீ எண்ட மாதிரி நடுவில சிங்களத்தில ஸ்ரீ போட்டது. அந்த ஸ்ரீயை எதிர்த்துத்தான் 1957, 58 இல எங்கட ஆக்கள் தார் பூசினது, வயசு போனவைக்கு ஞாபகம் இருக்கும். பிறகு நடுவில கோடு போட்ட நம்பர், 2000த்துக்குப் பிறகு மாகாண எழுத்தோட வந்த நம்பர். ஒரு தகரத் துண்டில இவ்வளவும் கிடக்கு, அதால நம்பர் பிளேற் விழாத படம் எனக்கு அரைப் படம்தான். ஆனா நம்பரை மட்டும் நம்பவும் ஏலாது, கபின் ஒண்டு, செசி எண்ட அடிச்சட்டம் ஒண்டு, எஞ்சின் வேறொண்டு எண்டு நிக்கிற லொறியள் கனக்க.

மூஞ்சையைப் பாத்தும் சொல்லலாம். மூக்கு நீண்ட பெட்போட் ரிஜே 1958 இல வந்தது. அதுக்குப் பின்னால வந்த ரிகே எண்ட மொடலுக்கு மூக்கில்லை, முகம் தட்டையா இருக்கும். அதில கெட்டித்தனமான வேலை ஒண்டு செய்திருக்கிறாங்கள், எஞ்சினை ட்ரைவர் சீற்றுக்குப் பின்னால வைச்சு, கதவுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் ஒரு மூடி போட்டிருக்கு. அதைத் தூக்கினா நிலத்தில நிண்டே எஞ்சினில கை வைக்கலாம், கபினைக் கவிழ்க்கத் தேவையில்லை. 1986 இல ஜெனரல் மோட்டோர்ஸ் இங்கிலாந்தில பெட்போட் லொறி செய்யிறதை விட்டிட்டுது, எங்கட பக்கத்தில அதுக்குப் பிறகும் அது கனகாலம் மூட்டை சுமந்தது. டாட்டாவை எடுத்தா, 1954 இல இருந்து 1969 மட்டும் பென்ஸ் கொம்பனியோட சேந்து செய்தது, அதால அந்தக்கால டாட்டா லொறிக்கு முன்னால பென்ஸ் நட்சத்திரம் இருக்கும், பிறகுதான் ரி எழுத்து. லேலண்ட் எண்டா சென்னை எண்ணூர் பக்கத்தில இருந்து வந்த அசோக் லேலண்ட், ஒஸ்ரின் கார் பூட்டுறதுக்கெண்டு 1948 இல துவங்கி 1955 இல லேலண்டோட சேந்த கொம்பனி, 1982 இல கொழும்புப் பக்கமும் வந்திட்டுது.

முள்ளியவளைப் பக்கம் ஒரு மில்லு வளவுக்குள்ள மூக்கு பெட்போட் ஒண்டு நிக்குது. முன்னால கொம்பனிப் பேர் தனித்தனி எழுத்தா இங்கிலீசில பதிச்சிருக்கு, அதில ரெண்டு எழுத்து விழுந்து ஆணி ஓட்டை மட்டும் தெரியுது. கதவு விளிம்பில பெயின்ற் உரிஞ்ச இடத்தைக் கிட்டப்போய்ப் பாத்தா மேல நீலம், அதுக்குக் கீழ பச்சை, அதுக்கும் கீழ மண் நிறம், எந்தெந்தக் காலத்தில ஆர் ஆர் வாங்கினவை எண்டு அதிலயே கணக்குப் பாக்கலாம். கதவுப் பிடி எப்பவோ போட்டுது, அதுக்குப் பதிலா வீட்டு யன்னல் கொண்டி பூட்டியிருக்கு. ஸ்டியரிங்கில நைலோன் கயிறு நெருக்கமாச் சுத்தி, கை பிடிச்சுப் பிடிச்சு அது கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. சக்கரம் பழைய ரிங் பூட்டுற றிம், காத்தடிக்கேக்க ரிங் கழண்டு பறந்தா ஆள் சரி, அதால அடிக்கிற நேரம் கிளீனர்ப் பெடியளை எட்டி நிக்கச் சொல்லுவினம். சீற்றில கோழி ஒண்டு அடை கிடந்தது, அதையும் எடுத்தனான்.

வளவுக்கார ஐயா வாசலில இருந்து பாத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார், "தம்பி, உதைப் படமெடுத்து என்ன செய்யப் போறாய், உண்மையில விருப்பமெண்டா ஒரு பற்றரி வாங்கிக்கொண்டு வா, ஓடிக் காட்டுறன்." பகிடிக்குச் சொல்லுறார் எண்டு நினைச்சன், அவர் சிரிக்கேல்லை. அந்த லொறி 70களில எடுத்ததாம். சாமான் இறக்குமதியை இறுக்கிப் பிடிச்சிருந்த காலம் அது, விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் குடியேறித் தோட்டம் செய்த பெடியள் செத்தல் மிளகாயிலயும் வெங்காயத்திலயும் காசு கண்டவை, அந்த மூட்டையளைக் கொழும்புக்கு ஏத்தின லொறியளில இதுவும் ஒண்டு. மிளகாய் ஏத்தினா ரெண்டு நாளைக்கு கபினுக்குள்ள இருக்கேலாது, தும்மியே சாகவேணும் எண்டு ஐயா சொன்னார்.

பிறகு 90 இல இருந்து, சண்டையால எங்கட பக்கத்துக்குச் சாமான் வரத் தடை. டீசல் இல்லை, பெற்றோல் இல்லை, சாமான் இல்லை. அந்த நேரம் வளந்த ஆக்களுக்குத் தெரியும், பெற்றோல் வாகனம் எண்டா கார்புரேற்றருக்க சூப்பிப் போத்தலால ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில ஓடுறது, வெள்ளைப் புகையும் அந்த மணமும் ரோட்டு முழுக்க. டீசல் எஞ்சினுக்கும் மண்ணெண்ணெய்தான். வெறும் மண்ணெண்ணெயில வழுவழுப்புக் காணாது, பம்பும் நொசிலும் தேஞ்சு போகும், அதால கொஞ்சம் எண்ணெய் கலந்து அடிக்கிறது. ஆர் எவ்வளவு கலந்தது எண்டதில ஒவ்வொரு மெக்கானிக்கும் ஒவ்வொரு கணக்கு, இப்பவும் அதில சண்டை பிடிப்பினம். வில்லுத்தகடு உடைஞ்சா இரும்புப் பட்டறையில அடிச்சுப் பூட்டுறது, கஸ்கெற்றை அட்டையில வெட்டுறது. இப்ப வாற லொறியளில ஒரு சென்சர் போனா கொம்பியூட்டர் கொண்டு வரவேணும், அப்பிடியான லொறியை வைச்சு அந்தப் பத்துப் பன்னிரண்டு வருசத்தைக் கடந்திருக்கேலாது. அந்த மெக்கானிக்மாரை ஆர் படமெடுத்து வைச்சிருக்கிறியள்? நானும் வைச்சிருக்கேல்லை, என்னட்டை முதலாவது கமரா வரேக்க கனபேர் இல்லை.

2009 ஐப் பற்றி நான் எழுத என்ன இருக்கு. கடைசியா முள்ளிவாய்க்கால் பக்கம் விட்டிட்டு வந்த லொறி, ட்ரக்டர், மோட்டச்சைக்கிள் எல்லாம் பிறகு குவியல் குவியலாக் கிடந்ததைக் கனபேர் கண்டவை, அதுகளும் பழைய இரும்பாப் போட்டுது. தன்ர லொறி எங்கயாவது நிக்குதோ எண்டு கேட்டுத் திரிஞ்ச ஆக்களை எனக்குத் தெரியும். ஒரு அண்ணை என்ர போனில படங்களைத் தட்டித் தட்டிப் பாத்தவர், தன்ர டாட்டா இருக்கோ எண்டு. இருக்கேல்லை. தகப்பன் வாங்கின அந்த லொறிக்கு அவையிட்டை ஒரு படம் கூட இல்லையாம், இருந்த அல்பமும் அந்த லொறியோடதான் போச்சு.

அதாலதான் சொல்லுறன், வீட்டில ஒரு போன் இருந்தாக் காணும், பெரிய கமரா தேவையில்லை. நடு மத்தியான வெயிலில எடுக்காதேங்கோ, இரும்பு வெள்ளையடிச்சுப் போகும், நாலு மணிக்குப் பிறகு நல்லம். குந்தியிருந்து சக்கரத்தின்ர உயரத்துக்கு கமராவைப் பிடியுங்கோ, லொறி அப்பதான் லொறியாத் தெரியும். ட்ரைவரையோ சொந்தக்காரரையோ கேட்டிட்டு எடுங்கோ, ஏலுமெண்டா அவரையும் பக்கத்தில நிக்க விடுங்கோ. கலரைக் கூட்டிக் குறைச்சு விளையாடாதேங்கோ, துரு துருவாவே இருக்கட்டும். எஞ்சின் நம்பர், செசி நம்பர் பொறிச்ச தகடு இருந்தா அதையும் தனியா ஒரு படம் எடுத்து வீட்டில வைச்சிருங்கோ, ஊருக்கெல்லாம் அனுப்பத் தேவையில்லை. முகாம், காவலரண் கிட்ட வேண்டவே வேண்டாம். ரோட்டுக் கரையில சும்மா கமராவோட நிண்டதுக்கே ஒருக்கா என்னை வந்து விசாரிச்சு, ஏன் எடுக்கிறாய், ஆருக்கு அனுப்புறாய் எண்டு கேட்டு, போனில இருந்த படங்களை அழிக்க வைச்சவை. வைக்கோல் லொறிப் படம். அதை ஆருக்கு அனுப்பி என்ன செய்யிறது எண்டு எனக்கு இப்பவும் விளங்கேல்லை.

ஆசிரியரிட்டை என்ர கேள்வி சின்னது. கிழமைக்கு ஒருக்கா, உள்பக்கத்தில ஒரு மூலையில, வாசகர் அனுப்புற பழைய லொறிப் படம் ஒண்டு போடுவியளோ? படத்துக்குக் கீழ ஊர், வருசம், ஏத்தின சாமான் எண்டு மூண்டே வரி காணும். பத்திரிகை எண்டா ஆராவது கண்டு "இது எங்கட பெரியப்பான்ர எல்லோ" எண்டு சொல்லுவினம், என்ர போனுக்குள்ள கிடந்தா ஒருத்தரும் காணப்போறேல்லை.

முதல் படத்துக்கு நானே ஒரு தேடல் வைக்கிறன். ஆனையிறவு உப்பை வைச்சு காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கு அந்தக்காலம் ஓடின லொறியளின்ர படம் ஒண்டும் இவ்வளவு நாளா என்ர கண்ணில படேல்லை. அங்க வேலை செய்த ஆக்கள், அவையின்ர பிள்ளையள் இப்ப எங்கெங்கயோ இருப்பினம், கனடாவிலயும் இருப்பினம். ஆற்றையாவது அல்பத்தில, கல்யாணப் படத்துக்குப் பின்னாலயாவது ஒரு லொறி மூக்கு தெரிஞ்சாக் காணும், பத்திரிகை விலாசத்துக்கு அனுப்பி விடுங்கோ. படத்தைப் பிரதி எடுத்திட்டுத் திருப்பித் தரலாம்.

இப்படிக்கு,
கிளிநொச்சி கனகபுரத்தில இருந்து ஒரு வாசகன்