அந்தக் கோட்டு வெள்ளை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உளவியல் சோதனைகள் திரைப்படமாக வந்தால் எப்படியிருக்கும் என்ற கற்பனைப் பகுதியைச் சென்ற இதழில் படித்தேன். கட்டளைக்குப் பணிந்து அடுத்த அறையில் இருப்பவருக்கு ஷாக் கொடுப்பார்களா என்று பார்த்த மில்கிராம் சோதனைக்கான கதைச்சுருக்கத்தில் ஒரு வரி: "வெள்ளைக் கோட்டு விஞ்ஞானி மிரட்ட, அத்தனை பேரும் சிவப்புப் பொத்தானை அழுத்துகிறார்கள்."

ஒரு வரியில் ஐந்து பிழை, சிக்கனம்தான். கோட்டு சாம்பல் நிறம். போட்டிருந்தவர் விஞ்ஞானி அல்ல, அந்த வேடத்துக்கு அமர்த்தப்பட்ட பள்ளி உயிரியல் ஆசிரியர். பொத்தான் இல்லை, 15 வோல்ட்டில் தொடங்கிப் பதினைந்து பதினைந்தாக 450 வரை ஏறும் 30 ஸ்விட்ச்சுகள். அத்தனை பேரும் அல்ல, கடைசி ஸ்விட்ச் வரை போனவர்கள் 40 பேரில் 26 பேர். மிரட்டலும் இல்லை. "தயவுசெய்து தொடருங்கள்" என்று ஆரம்பித்து "உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்" என்பது வரை நான்கே வாக்கியங்கள், அதே வரிசையில், குரல் உயராமல். நான்காவதற்கும் மறுத்தால் சோதனை முடிந்தது. வில்லன் கத்தினால் அந்தப் படத்தில் பயமே இருக்காது என்பது தங்களுக்குத் தெரியாததா?

1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்ததே பாதி நாடகம்தான். மாணவர் தவறாக விடை சொன்னால் வாத்தியார் ஷாக் கொடுக்க வேண்டும். யார் வாத்தியார், யார் மாணவர் என்று சீட்டுப் போடுவார்கள். இரண்டு சீட்டிலும் 'வாத்தியார்' என்றே எழுதியிருக்கும். மாணவராக நடித்தவர் 47 வயதுக் கணக்காளர். வாத்தியாராக உட்கார வந்தவருக்கு மூன்றாவது ஸ்விட்ச்சில் 45 வோல்ட் மாதிரி காட்டுவார்கள். மொத்தச் சோதனையிலும் நிஜமான ஷாக் அது ஒன்றுதான். தங்கள் கதையில் முதல் ஸ்விட்ச்சிலேயே அலறல் கேட்கிறது. 1963இல் அச்சான ஆய்வில் அலறலே கிடையாது. 300 வோல்ட்டில் சுவரை உதைக்கும் சத்தம், 315இல் மறுபடியும், பிறகு நிசப்தம். விலகிய 14 பேரில் ஐவர் அந்த 300லேயே நிறுத்திவிட்டார்கள். குரல் சேர்த்தது அடுத்தடுத்த மாற்று வடிவங்களில், அதுவும் ஒலிநாடாவில்.

அந்த மாற்று வடிவங்களில்தான் ஐயா படமே இருக்கிறது. ஆய்வாளரின் ஆட்கள் இருவரைச் சக வாத்தியார்களாக உட்கார வைத்து, ஒருவரை 150 வோல்ட்டிலும் மற்றவரை 210லும் எழுந்து போகச் செய்தபோது, கடைசிவரை போனவர்கள் 40இல் 4 பேர். கட்டளை தொலைபேசியில் வந்தபோது சிலர் குறைந்த வோல்ட்டையே கொடுத்துவிட்டு, ஏற்றிக்கொண்டே போவதாகப் பொய் சொன்னார்கள். இதைவிட நல்ல காட்சி எந்தத் திரைக்கதைக்காரருக்குக் கிடைக்கும்? இவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு 'மனிதன் கட்டளைக்கு அடிமை' என்று சுவரொட்டி வாசகம் வேறு.

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி, சுற்றியிருப்பவர்களை வேண்டுமென்றே தவறாகச் சொல்ல வைத்த ஆஷ் சோதனையில் எல்லோரும் கூட்டத்தோடு தவறான விடையையே சொன்னார்கள் என்று எழுதினீர்கள். மூன்றில் இரண்டு பங்கு விடைகள் சரியாகவே இருந்தன. மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்க வைத்த ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையில் காவலர்கள் தானாகவே கொடூரமானார்கள் என்றீர்கள். கைதிகள் வருவதற்கு முன்பே, அவர்களை எப்படி நிராதரவாக உணர வைப்பது என்று அதை நடத்திய சிம்பார்டோ காவலர்களுக்குச் சொல்லியிருந்தார். நியூயார்க்கில் நடந்த கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண்ணின் கொலையை 38 பேர் வேடிக்கை பார்த்ததாகச் சொன்ன செய்தியில் பிழைகள் உண்டென்று, அதை வெளியிட்ட நியூயார்க் டைம்ஸே 2016இல் ஒப்புக்கொண்டுவிட்டது. தாங்கள் மட்டும் அந்த 38 பேரைக் கைவிடுவதாயில்லை. உளவியல் பாடம் நடத்துகிறவன் நான். தங்கள் பக்கங்களை நறுக்கி ஒட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் தங்கள் சார்பில் திருத்தம் வெளியிடுவதும் என் வேலையாகிவிட்டது, சம்பளமில்லாமல்.

நீண்ட மறுப்பெல்லாம் கேட்கவில்லை. "கோட்டு சாம்பல் நிறம், 40இல் 26 பேர்" என்று அடுத்த இதழில் ஒரு வரி போட்டால் போதும். ஓவியரிடமும் சொல்லிவிடுங்கள், அந்தச் சிவப்புப் பொத்தானை எடுத்துவிடட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி