எங்கிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல்கலைக்கழக, கல்லூரி நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நூலகம், ஆவணம், கலைப்பொருள் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சேர்க்கைப் பதிவேட்டை, அதாவது வந்து சேரும் ஒவ்வொன்றையும் எண்ணிட்டு எழுதும் ஏட்டை, தொடங்குங்கள். அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கட்டடமும் கண்ணாடி அலமாரியும் பிறகு வரட்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

பாலக்கோடு பக்கம் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, தாத்தாவின் பொருள்களை ஒரு கல்வி நிறுவனத்துக்குக் கொடுத்தது. அவர் கூத்து வாத்தியார். பாரதக் கூத்தின் ஏடுகள், கையெழுத்து நோட்டுகள், எந்த ஊர்த் திருவிழாவுக்கு என்ன தொகை என்று பேசிய கடிதங்கள், வேடம் கட்டிய புகைப்படங்கள், அச்சுப் புத்தகங்கள் எல்லாம் அதில் இருந்தன. வாங்கியவர்கள் சால்வை போர்த்தி மரியாதையாகவே வாங்கினார்கள். பிறகு புத்தகங்கள் நூலகத்துக்கும், ஏடுகள் தமிழ்த்துறை பீரோவுக்கும், படங்கள் வரவேற்பறைச் சுவருக்கும் போயின. துறைத்தலைவர் ஓய்வுபெற்றார், பீரோச் சாவி கைமாறியது. அந்த ஏட்டுக்கும் சுவரில் தொங்கும் அர்ச்சுனன் வேடத்துக்கும் உறவு உண்டு என்று சொல்ல இன்று அங்கே ஒரு காகிதம்கூட இல்லை. எதுவும் திருடுபோகவில்லை, எல்லாம் அதே வளாகத்தில்தான் இருக்கின்றன. ஆனால் இவர் யார், எந்த ஊரில் ஆடினார் என்று ஓர் ஆய்வு மாணவி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. திருட்டைவிட இது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். திருடுபோன பொருளையாவது தேடுவார்கள்.

இந்த மண்ணில் இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களைப் பாருங்கள். கவர்ந்து செல்லப்பட்ட மாட்டு மந்தையை (தொறு) மீட்டு உயிர்விட்டவன் யார், எந்த ஊர், எந்த மன்னன் காலம் என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள் நம் முன்னோர். எழுத்தில்லாத நடுகல்லுக்கோ அது நின்ற இடம்தான் சாட்சி. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டபோது நாம் எவ்வளவு பெருமைப்பட்டோம்! அந்தக் காலத்தைக் கணிக்க உதவிய கரித்துண்டு எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று அகழாய்வில் குறித்திருக்காவிட்டால் அது வெறும் கரித்துண்டுதான்.

ஆவணக் காப்பகத்தார் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். ஒருவரிடமிருந்து வந்ததை ஒரே தொகுப்பாகக் காக்க வேண்டும், அவர் அடுக்கிய வரிசையைக் கலைக்கக் கூடாது. நூலகத்தின் வழி வேறு. அங்கே நூல் அதன் பொருளால் இடம் பெறும். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் ரங்கநாதன் 1933இல் தந்த கோலன் பகுப்புமுறையும் அப்படித்தான். இரண்டு வழிகளும் சரியானவையே. ஓலையையும் புகைப்படத்தையும் ஒரே பெட்டியில் பூட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. சுவடிக்குப் பூசும் எலுமிச்சைப்புல் எண்ணெய் பட்டால் புகைப்படம் கெடும். பொருள்கள் தனித்தனி அறைகளில் இருக்கட்டும். அவற்றின் மீது எழுதும் தொகுப்பு எண் மட்டும் ஒன்றாக இருக்கட்டும். கொடுத்தவர் பெயர், ஊர், நாள், கொடுக்கும்போது அவர் சொன்ன செய்தி, பிறர் பார்க்கவும் படியெடுக்கவும் அவர் தந்த ஒப்புதல் ஆகியவற்றை அந்த எண்ணுக்கு எதிரே எழுதுங்கள். கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள்.

நூலகர்களின் அச்சத்தையும் நான் அறிவேன். இருப்புச் சரிபார்ப்பில் ஒரு நூல் குறைந்தால் தம் தலையில் விழுமோ என்று அரியவற்றைப் பூட்டியே வைக்கிறார்கள். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளோ, வழங்கிய அல்லது படித்த ஆயிரம் நூல்களுக்கு ஆண்டுக்கு ஐந்து வரை குறைவதை, நாணயக்குறைவோ கவனக்குறைவோ காரணம் இல்லாதபோது, இயல்பு என்றே ஏற்கின்றன. ரூ.1,000க்கு மேற்பட்ட நூலும் விலை எதுவானாலும் அரிய நூலும் காணாமல் போனால் மட்டும் விசாரணை கட்டாயம். இதையே அளவுகோலாக எடுத்து எழுத்தில் உறுதி கொடுங்கள். நேர்மையான நூலகர் பயமின்றி அலமாரியைத் திறப்பார். சுவடிக்கும் ஓவியத்துக்கும் இப்படிச் சரிபார்ப்பே நடப்பதில்லை என்பது எனக்கு இன்னும் கவலை தருகிறது. வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப்படியோ ஆவணமோ 75 ஆண்டுகளைக் கடந்துவிட்டால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள். உங்கள் பீரோக்களில் அத்தகையவை எத்தனை என்று உங்களுக்கே தெரிய வேண்டாமா?

பொறுப்பாளரைத் தேடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கன்னடமும் தெலுங்கும் உண்டு. தமிழ் மட்டும் படிப்பவர் அவற்றைப் 'பிற' என்று ஒரு கட்டாகக் கட்டி ஓரத்தில் வைத்துவிடுவார். மூன்று மொழியும் படிக்கக்கூடிய முதியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை மதிப்பூதியம் கொடுத்து அழையுங்கள்.

கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டுவதையும், பழைய கடிதத்தை லேமினேஷன் செய்வதையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்யும் ஆர்வம் நல்லதுதான். ஆனால் எண் இடாமல் எடுத்த ஆயிரம் படங்கள் இன்னொரு பூட்டிய பீரோவாகத்தான் ஆகும்.

பாரமகால் என்று அன்று அழைக்கப்பட்ட நம் பகுதி 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனதும், அதன் அதிகாரிகளான ரீடும் மன்றோவும் நம் ஊர்களின் நிலத்தையும் விளைச்சலையும் வரியையும் எழுதி வைத்தார்கள். வரி வாங்க எழுதினார்கள், ஆனாலும் எழுதினார்கள். அக்காலத்து உழவனைப் பற்றி அறிய இன்றும் அந்த ஆவணங்களைத்தான் புரட்டுகிறோம். அவற்றில் இல்லாதவை, அதாவது கூத்து வாத்தியாரின் நோட்டும் கிராமத்துக் கணக்கும் ஊர்ப் பள்ளியின் வருகைப் பதிவேடும், நம் வீடுகளின் பரணில் கிடக்கின்றன. கொடுக்க மனமுள்ளவர்கள் பலர் உண்டு. எங்கே கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். உங்கள் பதிவேட்டை அவர்களுக்குக் காட்ட முடிந்தால் நானே அழைத்து வருகிறேன்.

வரும் கல்வியாண்டின் நிதி ஒதுக்கீட்டில் இந்தப் பதிவேட்டுக்கும் ஒரு பணியிடத்துக்கும் இடம் உண்டா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தருமபுரியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்