கம்பிக் கணக்கு தெரிந்த மகளுக்கு

தக்கலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மக்களே,

நேற்று ராத்திரி போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. கம்பெனி ஆள் குறைத்ததில் உன் வேலை போனது. அது உன் திறமைக் குறைவு இல்லை. அந்தப் பேச்சு இனி வேண்டாம். மாதச் சம்பளத்துக்குப் போகாமல் ஃப்ரீலான்ஸாக காண்ட்ராக்ட் எடுத்துச் செய்யப் போகிறேன் என்றாயே, அதில் எனக்கு முழுச் சம்மதம். அம்மாவுக்குத்தான் கொஞ்சம் பயம். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

லிங்க்ட்இன்னில் ஊர்ப்பட்ட பேருக்கு எழுதியும் ஒருத்தரும் பதில் போடவில்லை என்று சோர்ந்து பேசினாய். உன் பக்கத்தைத் தம்பி எனக்குத் திறந்து காட்டினான். பெயருக்குக் கீழே 'சிவில் இன்ஜினியர், வாய்ப்பு தேடுகிறேன்' என்று இருக்கிறது. போட்டோவைச் சுற்றிப் பச்சை வளையம். அது சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறவர்களுக்குக் காட்டுகிற அடையாளம். காண்ட்ராக்ட் கொடுக்கிறவர் பார்ப்பது வேறு. திருவனந்தபுரத்தில் இரண்டு பேரை வைத்து ஸ்ட்ரக்சுரல் ஆபீஸ் நடத்துகிற ஒருவரை நினைத்துப் பார். வியாழக்கிழமைக்குள் டிராயிங் கொடுத்தாக வேண்டும், கம்பி அட்டவணை (எந்தக் கம்பி, எத்தனை, எவ்வளவு நீளம், எப்படி வளைப்பது என்ற பட்டியல்) போட ஆள் இல்லை. நீ வாய்ப்பு தேடுவது அவருக்கு எதற்கு? 'நாலு மாடி வரை கட்டிடங்களுக்குக் கம்பி டீட்டெய்லிங், பார் பெண்டிங் ஷெட்யூல் செய்து தருகிறேன். இந்திய வேலைக்கு ஐஎஸ் கோடு, வளைகுடா வேலைக்கு பிஎஸ் 8666' என்று எழுது. இந்தியத் தரவிதி, பிரிட்டிஷ் தரவிதி இரண்டும் உனக்குத் தெரியும் என்று அவருக்கு உடனே புரியும். அங்கேயே, என்ன வேலை செய்து தருவாய் என்று காட்டுகிற சர்வீசஸ் பக்கம் என்று ஒன்று இருக்கிறது, காசு கட்ட வேண்டாம். அதையும் திறந்து வை.

எனக்கு வேலை வந்த விதத்தைச் சொல்கிறேன், கேட்டியா. சித்தப்பா, மாமா என்று நமக்கு எத்தனை சொந்தம்! அவர்கள் மூலம் வந்த வீடு குறைவு. முளகுமூட்டில் ஒரு வாத்தியாருக்குக் காம்பவுண்ட் சுவர் கட்டிக் கொடுத்தேன். அவர் வீட்டில் ஒரு நாள் சாயா குடித்துக்கொண்டிருந்த ஒருவர், துபாயில் இருக்கிற தன் மைத்துனனிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவது முதல் பெயிண்ட் வரை அந்த மைத்துனன் வீடு முழுசும் என் கைக்கு வந்தது. சொந்தக்காரனுக்குத் தெரிகிற ஆட்கள் எனக்கும் தெரிந்தவர்கள்தானே. பாதி தெரிந்தவனிடம்தான் நான் அறியாத சங்கதி இருக்கும்.

இதை 1973-லேயே மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் எழுதியிருக்கிறார். 2022-ல் 'சயன்ஸ்' இதழிலும் ஒரு ஆய்வு வந்தது. லிங்க்ட்இன்னில் 2 கோடி பேரை வைத்துச் செய்தது. ரொம்ப நெருங்கியவர்களைவிட, ஓரளவு பழக்கம் உள்ளவர்கள் வழியாகத்தான் ஆட்கள் புது வேலைக்கு மாறியிருக்கிறார்கள். பழக்கம் ரொம்பக் குறைந்தவர்களால் அவ்வளவு பயன் இல்லை என்றும் அதில் இருக்கிறது. நீ இப்போது எழுதுவதெல்லாம் அந்தக் கடைசி வகை ஆட்களுக்கு. அதனால்தான் பதில் வரவில்லை என்று நினைக்கிறேன்.

அதை நிறுத்து. உன் டிராயிங்கைச் சரிபார்த்துச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பினாரே ஒரு சார், அவருக்கு எழுது. சைட்டிலிருந்து போன் போட்டு 'இந்த பீமில் எத்தனை கம்பி' என்று கேட்டுக்கொண்டிருந்த காண்ட்ராக்டர் பக்கத்து இன்ஜினியருக்கு எழுது. உன்னோடு படித்து மஸ்கட், தோஹா என்று போனவர்களுக்கு எழுது. 'வேலை இருந்தால் சொல்லுங்கள்' என்று முடிக்காதே. 'சார், அந்த ஆஸ்பத்திரி கட்டிடத்துக்குக் கம்பி அட்டவணை போட்டது நான்தான். இப்போது தனியாகச் செய்கிறேன். உங்களுக்குத் தெரிந்த சின்ன ஆபீஸ் எதிலாவது வேலை தேங்கிக் கிடந்தால் என் பெயரைச் சொல்வீர்களா?' இவ்வளவு போதும். உன் வேலையைப் பற்றி லிங்க்ட்இன் பக்கத்தில் நாலு வரி எழுதித் தரச் சொல்லியும் கேள்.

மாதிரி காட்ட வேண்டும் என்பார்கள். பழைய கம்பெனி டிராயிங் எதையும் வெளியே காட்டிவிடாதே, அது அவர்கள் சொத்து. அதற்கு நான் வழி பண்ணியிருக்கிறேன். இப்போது கட்டுகிற வீட்டில் மாடி வார்ப்புக்குக் கம்பி கட்டி முடிந்தது, மழை விடக் காத்திருக்கிறோம். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன், பெயரும் இடமும் போடாமல் இருந்தால் சம்மதம் என்றார். தூணும் பீமும் சேருகிற இடத்தில், கம்பிகளைச் சுற்றி வருகிற ரிங் நெருக்கமாக வரவேண்டும், அதன் நுனிக் கொக்கி 135 டிகிரி வளைய வேண்டும். பேப்பரில் தெளிவாக இருந்தால் நம் கம்பிக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெட்டிக்கொண்டே போவார். இல்லையென்றால் 90 டிகிரியில் மடக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அந்த வீட்டு அளவை வைத்து நீ போடுகிற டிராயிங்கையும் கட்டிய கம்பியின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடு. விஷயம் தெரிந்தவர் அதில் நின்று பார்ப்பார்.

இனி காசு. ஒரு பார்ட்டி வார்ப்பு முடிந்த மறுநாளிலிருந்து என் போனை எடுக்கவே இல்லை, கடைசி பில் இன்றுவரை வரவில்லை. உனக்கு அந்த நிலை வரக்கூடாது. வேலை என்ன, எத்தனை திருத்தம் வரை இலவசம், என்றைக்குப் பணம் என்பதை ஈமெயிலில் எழுதி வாங்கு. அட்வான்ஸ் வராமல் டிராயிங்கில் ஒரு கோடுகூடப் போடாதே. சரிபார்க்க பிடிஎஃப் அனுப்பு. திருத்தக்கூடிய டிடபிள்யூஜி ஃபைல் முழுப் பணம் வந்த பிறகு. உத்யம் என்கிற சிறு தொழில் பதிவு இலவசம், இந்த வாரமே போட்டுவிடு. 2006-ம் வருஷச் சட்டப்படி, பதிவு செய்த சிறு தொழிலிடம் வேலை வாங்குகிறவர் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தால் வட்டி கட்டவேண்டும். இங்குள்ள பார்ட்டிகளிடம் அதை பில்லிலேயே எழுதி வை. பணம் தருகிறவர் வரிக்காக டிடிஎஸ் பிடித்தால் உன் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்.

வேலை தருகிறோம், முதலில் ரிஜிஸ்ட்ரேஷன் பணம் கட்டு என்று எவனாவது சொன்னால் பேச்சை அதோடு நிறுத்து. ஏமாற்றிப் பணம் பிடுங்கினால் 1930 என்கிற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும்.

முதல் இரண்டு மூன்று மாதம் கை கடிக்கும், மக்களே. வாடகையை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்காக ரேட்டைக் குறைத்து எந்த வேலையையும் பிடிக்காதே. அளவும் போட்டோவும் நாளைக்குத் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்புவான். பெயருக்குக் கீழே போடுகிற அந்த வரியை மாற்றி எழுதி, போடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. சைட்டுக்கு வருகிற இன்ஜினியரிடமும் காட்டிக் கேட்கிறேன். அம்மா ஏத்தங்காய் சிப்ஸ் பார்சல் போட்டிருக்கிறாள், புதன்கிழமைக்குள் வந்துவிடும்.

அன்புடன்,
அப்பா