கோழிக்கால் அச்சு

அன்பு செல்விக்கு,

எப்படி இருக்க? அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டப்புறம்தான் நிம்மதியாச்சு. மாடிப்படி மட்டும் ஏற விடாதடி கொஞ்ச நாளைக்கு.

இங்க கானால, அக்ரால எல்லாரும் நல்லா இருக்கோம், அத்தை ஊர்லேர்ந்து வந்திருக்காங்க. லீவு விட்டதும் குமாசிங்கற ஊர் பக்கம் போனோம், அங்க என்டோன்சோன்னு ஒரு ஊரு, அடிங்க்ரா துணிக்குன்னே பேர் போனது. இங்க இருக்கற அசாந்திங்கற இனத்து ஜனங்க சாவு வீட்டுக்குக் கட்டிட்டுப் போற துணிடி அது, கருப்பு, சிவப்பு, செம்பழுப்புத் துணி மேல சின்னங்களா அச்சு போட்டிருக்கும், இப்போ எல்லா விசேஷத்துக்கும் கட்டறாங்க. 1817ல பௌடிச்னு ஒரு இங்கிலீஷ்காரர் குமாசில வாங்கின துணி இன்னும் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, அவ்ளோ பழசு.

நாங்க போன பட்டறையில குடும்பமே வேலை செய்யுது. பெரியவர் சுரைக்குடுக்கை ஓட்டுல சின்னம் செதுக்கறார், பசங்க படியேங்கற மரத்துப் பட்டைய ஊற வச்சு உரல்ல இடிக்கறாங்க, அப்புறம் அந்தத் தண்ணிய தார் மாதிரி கெட்டியாகுற வரைக்கும் கொதிக்க விட்டா அதான் சாயம். சுரை ஓடு வளைவா இருக்கும்ல, அதனால அச்ச நேரா வச்சு அமுக்குனா நடுவுல மட்டும்தான் பதியும், ஒரு ஓரத்துல வச்சு அப்படியே அடுத்த ஓரத்துக்கு உருட்டணும். என் பொண்ணு அத டக்குனு புடிச்சுக்கிட்டா. மரச்சீப்ப சாயத்துல முக்கி கட்டம் கட்டமா கோடு இழுத்தாங்க, எங்களுக்கு ஆளுக்கொரு கட்டம்.

பையன் ரெண்டு தலை ஒரே வயிறு இருக்கற முதலைய எடுத்தான், ஒரே வயித்துக்குத்தான் போகுதுன்னு தெரிஞ்சும் சாப்பாட்டுக்கு சண்டை போடுமாம், அக்காவப் பாத்துக்கிட்டே அச்சு வச்சான்! அத்தை கோழிக்கால் மாதிரி ஒண்ணு எடுத்தாங்க, அகோகோ நான்னு பேரு. அந்தப் பெரியவர் தாய்க்கோழி குஞ்ச மிதிக்கும் ஆனா கொல்லாதுன்னு விளக்கம் சொன்னார், நான் தமிழ்ல சொல்லி முடிக்கறதுக்குள்ள அத்தை "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா, இத நம்ம ஊர்லயும் சொல்வோம்ல"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் என் வீட்டுக்காரர்கிட்ட, அவரோட அப்பாவ சின்ன வயசுல எப்படியெல்லாம் அடிச்சு வளர்த்தாங்கன்னு மெதுவா சொல்ல ஆரம்பிச்சாங்கடி, இவ்ளோ வருஷத்துல இவர் ஒரு தடவ கூட கேட்டதில்லையாம். அத்தை கை பாட்டுக்கு அச்சு வச்சுக்கிட்டே இருந்துச்சு.

இந்தச் சின்னங்கள டீசர்ட்லயும் மக்லயும் சும்மா டிசைனா போடறாங்க பாரு, எனக்கு அது புடிக்கல. எல்லாரும் தரையில உக்காந்து இது ஏன், இத யாருக்காகன்னு பேசிக்கிட்டே போடணும்டி. நீயும் பசங்களோட போட்டுப் பாரு, உருளைக்கிழங்க வெட்டி அச்சு செஞ்சாலே போதும், அம்மாவையும் சேர்ல உக்கார வச்சு கூட சேத்துக்கோ.

அத்தை திரும்பி வரும்போது உனக்கு ஒரு துணி குடுத்து விடறேன். வாஷிங் மெஷின்ல மட்டும் போட்டுடாத, பட்டைச் சாயம், தண்ணில போயிடும்.

அன்புடன்,
மீனா